பசிபிக் கரையில் தூண்டில் விளையாட்டு

மீன்பிடித்தல் நெய்தல் நிலத்து மக்களின் தொழில். வலையும் வள்ளமும் தூண்டிலும் அவர்க்குச் சோறிடுங் கருவிகள். அத்தொழிலையே ஓய்வும் வசதியும் உடையோர் விளையாட்டாகக் கொண்டனர் என்று கூறின், நம் மாணவர் வியப்பர்; நம் கடற்றொழிலாளர் நகைப்பர். ஆயினும் வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலே, பசிபிக் சமுத்திரத்தின் இளஞ்சூடான பகுதியிலே, 125 ஆண்டுகளுக்கு மேலாக அது ஒரு விளையாட்டாகவே வளர்ந்து வருகின்றது. விளையாட்டென்றால் விதி வேண்டும். விதியென்றால் அதனைக் காக்கும் மனம் வேண்டும். அவ்விதிகள் ஏன் தோன்றின, அவை இல்லாதவிடத்து விளைந்த கேடு யாது, அதிலிருந்து நாம் கற்கத்தக்கது யாது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் இடத்தை அறிந்துகொள்வோம். ஐக்கிய அமெரிக்காவின் தென் கலிபோர்ணியாவிலிருந்து மெக்சிக்கோ நாட்டினுள் தெற்கு நோக்கி நீண்டு கிடப்பது பாகா கலிபோர்ணியாக் குடாநாடு. அதன் நீளம் ஏறத்தாழ 775 மைல். மேற்கே திறந்த பசிபிக் சமுத்திரம்; கிழக்கே அக்குடாநாட்டிற்கும் மெக்சிக்கோப் பெருநிலத்திற்கும் இடையே ஒடுங்கிய கலிபோர்ணியா வளைகுடா. எசுப்பானியத் தளபதி கோத்தேசின் பெயரால் இவ்வளைகுடாவைக் ‘கோத்தேஸ் கடல்’ என்றும் வழங்குவர். குடாநாடு பெருநிலத்தை விட்டு வடமேற்காக மெல்ல மெல்ல விலகிச் செல்வதனால், பல இலட்சம் ஆண்டுகளில் உண்டான பிளவிலே கடல் புகுந்து இவ்வளைகுடா ஆயிற்று. ஆதலின் வளைகுடாவின் தென்பகுதியிற் கரைக்கு அண்மையிலேயே பேராழம் உண்டு. சமுத்திரத்தின் நடுவே திரியும் பெருமீன்கள் கரையோரம் வந்து மேய்வதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இனி, இளவேனிற் காலத்திற்கும் மீனுக்கும் உள்ள தொடர்பு யாது எனப் பார்ப்போம். அங்கு மார்ச்சு முதல் மே வரையுள்ள மாதங்கள் இளவேனில். அக்காலத்தில் வடமேற்குக் காற்று கரையை ஒட்டித் தொடர்ந்து வீசும். காற்றினால் உந்தப்படும் மேல்நீர், பூமியின் சுழற்சி காரணமாக வலப்புறம் திரும்பிக் கரையை விட்டு அகன்று செல்லும். அகன்ற நீரின் இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த நீர் மேலெழும். ஆழத்திலே படிந்து கிடந்த உரச்சத்துக்கள் அந்நீரோடு மேலே வரும். பகற்பொழுதும் அந்நாட்களில் நீண்டு செல்வதால், வெயிலும் உரமும் ஒருங்கே பெற்ற கண்ணுக்குப் புலனாகா நுண்பாசிகள் கடலெங்கும் செழித்துப் பெருகும். உழவன் எருவிட்டு நீர்பாய்ச்சிய வயலை அக்கடல் ஒக்கும். பாசியை நுண்ணுயிர்கள் உண்ண, அவற்றைச் சாளையும் நெத்தலியும் உண்ண, அவற்றைத் தேடிப் பெருமீன்கள் வந்து சேரும். கூழைக்கடாக்கள் கூட்டங் கூட்டமாக நீரிற் குதிப்பதைக் கண்டே, அங்கு மீன் உண்டு என்பதைப் படகோட்டி அறிவான்.

வளைகுடாவினுள்ளே இன்னொரு விந்தையும் உண்டு. அதன் வடமுனையில் வற்றுப்பெருக்கு மிகப் பெரியது. நம் நாட்டுக் கரைகளில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வேற்றுமை இரண்டடியளவே. அங்கு சான் பெலிப்பே என்னும் ஊரில் அது 20 அடிக்கும் மேற்படும். அவ்வளவு நீர் தீவுகளின் இடைவெளியூடாக நாளும் பாய்ந்து திரும்புவதால், கடலின் அடியும் மேலும் ஓயாது கலக்கப்படுகின்றன. ஆகவே ஆண்டு முழுவதும் அங்கு உணவுக்குக் குறைவில்லை.

அங்குள்ள மீன்களுட் சில நமக்கு உறவு முறையானவை. இளவேனிலில் தூண்டிற்காரர் பெரிதும் விரும்புவது ‘மஞ்சள்வால்’ எனப்படும் மீன். அது நம்மவர் அறிந்த பாரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. முள்ளிற் பட்டவுடன் பாறை இடுக்கை நோக்கிப் பாய்ந்து நூலை அறுத்துவிடும் வன்மையுடையது. 1697 ஆம் ஆண்டில் எசுப்பானியப் பாதிரிமார் நிறுவிய லொரேத்தோ என்னும் ஊர் இம்மீனுக்குப் பேர்பெற்றது. ‘சியரா’ என்பது நம் அறக்குளாவின் இனம். சேவல்மீன் என்பதோ அக்கிழக்குப் பசிபிக் கரைக்கே உரியது. அதன் முதுகிலே நீண்ட ஏழு முட்கள் சேவலின் கொண்டைபோல எழுந்து நிற்கும். மே மாத அளவில் அது கரையோர மணற்பரப்புக்களில் இரைமீன்களைத் துரத்தி வரும்போது, அம்முட்கள் நீருக்கு மேலே தெரிவது கண்கொள்ளாக் காட்சி என்பர்.

இவ்வளவு வலிய மீனை மெல்லிய நூலாற் பிடிப்பது எங்ஙனம்? இதுவே இவ்விளையாட்டின் நுட்பம். மீனை இழுத்துக் கரையேற்றுவதன்று, அதனைக் களைப்படையச் செய்வதே தூண்டிற்காரனின் வேலை. கோலின் அடியிற் பொருத்தப்பட்ட நூலுருளையினுள்ளே ஒரு தடை உண்டு. நூல் தாங்கக்கூடிய பாரத்தில் மூன்றிலொரு பங்களவுக்கு அத்தடையை இறுக்கி வைப்பர். மீன் அதனிலும் வலிந்து இழுத்தால் நூல் அறாது. உருளை சுழன்று நூலை விட்டுக்கொடுக்கும். வில்லைப்போல வளையும் கோலானது மீனின் திடீர்ப் பாய்ச்சல்களைத் தாங்கிக்கொள்ளும். மீன் தளருந்தோறும் கோலை மெல்ல உயர்த்தி, பின் விரைந்து தாழ்த்தி, தாழ்த்தும் வேளையிற் கிடைக்கும் நூலைச் சுற்றிக்கொள்வர். விட்டுக்கொடுக்க வேண்டிய நேரத்தில் விட்டுக்கொடுத்து, பற்ற வேண்டிய நேரத்திற் பற்றுபவனே வெல்கின்றான். இறுகப் பற்றியே வெல்லலாம் என்று எண்ணுபவனின் கையில் அறுந்த நூலே மிஞ்சும்.

இவ்விளையாட்டின் வரலாறு சாந்தா கற்றலீனா என்னுந் தீவிலே தொடங்குகின்றது. அது தென் கலிபோர்ணியக் கரைக்கு ஏறத்தாழ 22 மைல் தொலைவில் உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு சென்றோர் தடித்த கயிறுகளால் மஞ்சள்வால் மீன்களை வரைவின்றி இழுத்துக் குவித்தனர். உண்ணுவார் இன்றிப் பெருந்தொகை மீன் பாழாயிற்று. இயற்கை நூலறிஞராகிய சாள்ஸ் பிரெடரிக் ஹோல்டர் என்பவர் இதனைக் கண்டு வருந்தினார். அவர் 1898 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், கோலும் மெல்லிய நூலும் கொண்டு 183 றாத்தல் எடையுள்ள நீலத்துடுப்புச் சூரை ஒன்றைப் பிடித்தார். மெல்லிய நூலாலும் பெருமீனைப் பிடிக்கலாம் என்பது அதனால் எல்லோர்க்கும் புலனாயிற்று. அவ்வாண்டிலேயே அத்தீவின் அவலன் நகரில் அவர் ‘சூரைக் கழகம்’ என்னும் சங்கத்தை அமைத்தார். மீனுக்கும் தப்பிச் செல்ல நியாயமான வாய்ப்பு அளிக்கப்படல் வேண்டும் என்பதே அச்சங்கத்தின் அடிப்படைக் கொள்கை. வலிமை மிக்க கருவியைக் கைவிட்டு மெலிந்த கருவியைத் தாமாகவே மேற்கொண்டமைதான் இங்கு நாம் கவனிக்கத்தக்கது.

அக்காலத்து நூலுருளைகளில் உள்ளே தடை இல்லை. பெருவிரலால் ஒரு தோற்பட்டையை நூலின்மீது அழுத்தியே மீனைத் தடுத்தனர். மீன் பாயும்போது கைப்பிடி பின்னோக்கிச் சுழன்று விரல்களை அடித்து நொறுக்குவதும் உண்டு. பின்னர், உட்புறத்திலே தடை அமைந்த உருளை ஆக்கப்பட்டது. அவ்வகை உருளையைக் கொண்டு 1913 ஆம் ஆண்டில் வில்லியம் பொஷன் என்பவர் கற்றலீனாவில் 355 றாத்தல் எடையுள்ள வாள்மீனைப் பிடித்தார்; கோலினாற் பிடிக்கப்பட்ட முதல் வாள்மீன் அதுவே என்பர். அத்தீவின் படகோட்டியாகிய ஜோர்ஜ் பாண்ஸ்வேத் என்பவரோ பட்டம் விட்டு மீன்பிடிக்கும் முறையைக் கையாண்டார். படகின் நிழலுக்கும் ஓசைக்கும் சூரை அஞ்சுவதால், இரையாகிய பறவைமீனைப் பட்டத்தின் நூலிலே தொடுத்து, படகுக்கு வெகு தூரத்தில் நீர்மட்டத்திலே துள்ளித் துள்ளிச் செல்லுமாறு செய்தார். தைப்பொங்கலன்று பட்டம் ஏற்றும் வல்வெட்டித்துறைச் சிறுவர் இதனைக் கேட்டால் மகிழ்வர்.

1939 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில் அனைத்துலக விளையாட்டு மீன்பிடிச் சங்கம் நிறுவப்பட்டது. உலகெங்கும் ஒரே விதி வழங்க வேண்டும் என்பது அதன் நோக்கம். மீன் முள்ளிற் பட்டபின் தூண்டிற்காரன் தானே தனித்துப் போராட வேண்டும். பிறர் எவரேனும் கோலையோ நூலையோ தொட்டால் அந்த மீன் கணக்கிற் சேராது. கோல் முறிந்தாலும் சேராது. இந்த விதிகளைக் கண்காணிக்க நடுக்கடலில் நடுவர் எவரும் நிற்பதில்லை. தன் கையொப்பத்தோடு தானே மெய் கூற வேண்டும்.

அக்கரையில் விலையுயர்ந்த கருவியொன்றும் வேண்டாத மீன்பிடியும் உண்டு. ‘கிறனியன்’ என்பது ஒரு சாண் நீளமுள்ள வெள்ளி நிறச் சிறுமீன். மார்ச்சு முதல் ஆகஸ்டு வரை, பூரணையையும் அமாவாசையையும் அடுத்த சில இரவுகளில், பெருக்கு உச்சத்தை அடைந்து தணியத் தொடங்கும் வேளையில், இம்மீன்கள் ஆயிரக்கணக்காக அலையோடு மணலில் ஏறும். பெண்மீன் வாலை மணலிற் புதைத்து நிமிர்ந்து நின்று முட்டையிடும். ஆண்மீன் அதனைச் சூழ்ந்து கிடக்கும். அடுத்த அலையிலே இரண்டும் கடலுக்கு மீளும். முட்டைகள் ஈரமணலினுள்ளே கிடந்து, அடுத்த பெரும் பெருக்கு வந்து அலைக்கும்போது பொரிக்கும். திங்களின் நாட்கணக்கை எந்தப் பஞ்சாங்கமும் பாராது இச்சிறுமீன் அறிந்திருப்பது இயற்கையின் அற்புதங்களுள் ஒன்று. கலிபோர்ணியாச் சட்டப்படி இதனை வெறுங்கையாலேயே பிடிக்க வேண்டும். வலை வீசலாகாது, மணலிற் குழி தோண்டலாகாது. முட்டையிடும் காலத்தின் ஒரு பகுதியில் பிடித்தலே கூடாது என்னும் விலக்கு 1927 ஆம் ஆண்டிலேயே விதிக்கப்பட்டது. மக்கள் அவ்விரவுகளில் கரைக்கு வந்து, பிடியாது பார்த்து மகிழ்ந்து திரும்புகின்றனர்.

இதுவரை கூறியது விதி காத்தோர் கதை. இனி, விதியில்லாது ஆசை ஒன்றே ஆண்ட கதையையும் கூறல் வேண்டும். வளைகுடாவின் வடபகுதிக்கே உரியது ‘தொத்துவாபா’ என்னும் பெருமீன். ஆறடிக்கு மேல் நீண்டு 200 றாத்தலுக்கும் மேல் எடையுற வளர வல்லது. ஒவ்வோர் இளவேனிலிலும் கொலராடோ ஆற்றின் கழிமுகத்தை நாடி முட்டையிட வருவது அதன் இயல்பு. அம்மீனின் காற்றுப்பைக்குச் சீனத்திலே பெருவிலை உண்டு. ஆதலின் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே, காற்றுப்பையை அறுத்தெடுத்து உடலைக் கரையில் எறிந்துவிடும் கொடுமை நிகழ்ந்தது. 1942 ஆம் ஆண்டில் பிடிபட்டது 2,000 தொன்னுக்கு மேல். 1975 இல் ஏறத்தாழ 60 தொன்னே. அவ்வாண்டில் மெக்சிக்கோ அரசு அதனைப் பிடிப்பதை முற்றாகத் தடைசெய்தது. இதனிடையே கொலராடோ ஆற்றிலே 1935 இல் ஹூவர் அணையும் பின்னர் வேறு அணைகளும் எழ, நன்னீர் கழிமுகத்தை அடைவதே அரிதாயிற்று. பிறக்கும் இடமும் கெட்டது. பிழைக்கும் வழியும் கெட்டது.

கேடு அம்மீனோடு நிற்கவில்லை. அதே நீரில் ‘வக்கீத்தா’ என்னும் சிறு பாலூட்டி வாழ்கின்றது. எசுப்பானிய மொழியிலே அதன் பெயருக்குச் ‘சிறு பசு’ என்பது பொருள். ஐந்தடி நீளமே உடையது. கண்ணைச் சுற்றிக் கருவளையமுடையது. உலகில் வேறெங்கும் இல்லாதது. அறிவியலாளர் அதற்குப் பெயரிட்டதே 1958 இல்தான். தொத்துவாபாவும் வக்கீத்தாவும் ஏறத்தாழ ஒத்த பருமனுடையன. ஆகவே மீனுக்கென விரித்த செவுள்வலையிலே வக்கீத்தாவும் சிக்கி, மூச்சுவிட மேலெழ இயலாது மடிகின்றது. 1997 ஆம் ஆண்டு ஆய்வில் அவற்றின் தொகை ஏறத்தாழ 570. 2018 இல் இருபதுக்குங் குறைவு. 2023 ஆம் ஆண்டு ஆய்விலே கண்டறியப்பட்டவை ஏறத்தாழப் பத்து. தடை விதிக்கப்பட்ட பின்னரும் களவாகக் காற்றுப்பை விற்போர் இருந்தமையால் இந்நிலை வந்தது. அதே வேளையில், வறுமைப்பட்ட கரையூர் மீனவனுக்கு ஓரிரவிலே பல மாத வருவாய் கிடைக்குமெனின், வெறுஞ் சட்டம் அவனைத் தடுக்குமா என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிழைப்புக்கு வேறு வழி காட்டாத தடை, பாதித் தடையே.

இவ்வளைகுடா முன்பு எங்ஙனம் இருந்தது என்பதற்கு ஒரு சான்று உண்டு. எழுத்தாளர் ஜோன் ஸ்ரைன்பெக்கும் அவர் நண்பராகிய கடலுயிர் ஆய்வாளர் எட்வேட் றிக்கற்சும் 1940 ஆம் ஆண்டு மார்ச்சு, ஏப்பிரில் மாதங்களில், ‘வெஸ்ரேண் பிளையர்’ என்னும் மீன்பிடிப் படகிலே அவ்வளைகுடாவைச் சுற்றி வந்தனர். அவர்கள் எழுதிய நூல் 1941 இல் வெளிவந்தது. கரைதோறும் கண்ட உயிர்வகைகளை அவர்கள் வியந்து குறித்தனர். பெரிய இழுவைப் படகுகள் இறாலுக்காகக் கடலடியை வாரி, வேண்டாத மீன்களையெல்லாம் இறந்த நிலையிற் கடலிலே கொட்டியதையும் கண்டு கண்டித்தனர். எச்சரிக்கை அன்றே கூறப்பட்டது, கேட்டவர் சிலரே.

ஆயினும் நம்பிக்கைக்கு இடமில்லாமல் இல்லை. குடாநாட்டின் தென்கிழக்கிலே காபோ புல்மோ என்னும் சிற்றூர் உண்டு. அதன் முன்னே பவளப்பார் உள்ளது. மீன்வளம் குன்றியதை உணர்ந்த அவ்வூர் மக்கள் தாமே முன்வந்து கேட்க, 1995 ஆம் ஆண்டில் அக்கடற்பகுதி தேசிய பூங்காவாயிற்று. மீன்பிடித்தலை அவர்கள் கைவிட்டனர். 1999 முதல் 2009 வரையுள்ள பத்தாண்டுகளில் அங்குள்ள மீன்களின் மொத்த எடை 463 வீதம் பெருகியதாக ஆய்வாளர் அளந்து கூறினர். கலவாயும் பாரையும் சுறாவும் மீண்டும் வந்தன. முன்பு மீன்பிடித்த குடும்பத்தினர், மீனைக் காண வரும் விருந்தினரைப் படகிலேற்றிச் சென்று பிழைக்கின்றனர். அரசு ஆணையிட்டதனால் மட்டும் இது நிகழவில்லை. ஊரார் காவல் நின்றதனால் நிகழ்ந்தது.

தூண்டில் விளையாட்டுக்கும் மெக்சிக்கோச் சட்டம் வரையறை செய்துள்ளது. ஒருவர் ஒருநாளில் பத்து மீனுக்கு மேற் பிடித்தலாகாது, அவற்றுள் ஒரே இனம் ஐந்துக்கு மேற்படலாகாது, சேவல்மீன் இரண்டே. மயில்மீன் போன்ற பெருமீன்கள் கரையிலிருந்து 50 கடல் மைல் எல்லைக்குள் தூண்டில் விளையாட்டுக்கே ஒதுக்கப்பட்டுள்ளன. வணிகத்துக்காகப் பிடித்தல் குற்றம். சட்டம் கேளாததையும் நல்ல தூண்டிற்காரர் செய்கின்றனர். வட்டமாக வளைந்த முள்ளைக் கையாளுவதால் அது குடலிற் பாயாது வாயோரத்திலே மாட்டுகின்றது. மீனின் மேலுள்ள வழுவழுப்பே நோயைத் தடுக்கும் கவசமாதலின், கையை நனைத்த பின்னரே அதனைத் தொடுகின்றனர். ஆழத்திலிருந்து மேலே வந்த மீனின் காற்றுப்பை விரிந்து வீங்குவதால் அது தானாக அமிழ மாட்டாது. அதனைப் பாரங்கட்டிய கருவியால் மீண்டும் ஆழத்திற் கொண்டுசென்று விடுகின்றனர்.

இங்கு ஒரு வினா எழும். உண்ணுதற்கன்றி மகிழ்ச்சிக்காக ஓருயிரை முள்ளில் மாட்டி வருத்துதல் முறையோ? கொல்லாமையை ஓர் அதிகாரமாக வகுத்த வள்ளுவரைப் பயிலும் நம் மாணவர் இதனைக் கேட்காது விடார், கேட்டலும் வேண்டும். பிடித்துவிட்ட மீன்களிலும் ஒரு பகுதி பின்னர் இறந்துபடுவது உண்மை. ஆகவே தூண்டிற்காரன் தன்னைக் குற்றமற்றவன் என்று கூறிக்கொள்ள இயலாது. அவன் கூறத்தக்கது இவ்வளவே: உண்ணும் அளவுக்கு எடுத்தேன், முட்டையிடும் காலத்தில் விலகி நின்றேன், பிறர் காணாத இடத்திலும் கணக்குப் பிழைக்கவில்லை. இது முழு அறமன்று. ஆனால் அறத்தை நோக்கிய ஒரு படியாகும். அப்படியிலும் கால்வைக்காத வணிக ஆசையே தொத்துவாபாவை அழித்தது என்பதையும் மறத்தலாகாது.

நம் கல்லூரி மைதானத்திலே துடுப்பாட்டம் ஆடும் மாணவன் நடுவரின் விரலை நோக்குகின்றான். கடலிலே அவ்விரல் இல்லை. காட்டிலும் வயலிலும் கிணற்றடியிலும் இல்லை. நம் வடபுலத்தில் நன்னீர்க் கிணறுகளும் பரவைக் கடலின் இறாலும் நமக்கு முன்னோர் விட்டுச்சென்ற செல்வம். அவற்றை எவ்வளவு எடுப்பது என்பதை நாள்தோறும் நாமே தீர்மானிக்கின்றோம். பசிபிக் கரை நாடுகளிலே குடியேறி வாழும் நம் பழைய மாணவர் எவரேனும் ஓர் இளவேனிற் காலையில் அவலன் துறைமுகத்தையோ லொரேத்தோக் கரையையோ காண நேர்ந்தால், படகிலே தொங்கும் மீனின் எடையை மட்டும் நோக்காது, பிடித்தபின் கடலிலே விடப்பட்டவை எத்தனை என்றும் கேட்பாராக. கடலின் வருங்காலம் அந்த இரண்டாவது கணக்கிலேயே தங்கியிருக்கின்றது.